தாம்பாளத்தில் தங்கிய தகடு

எஞ்சின் வேலை என்றால் அந்தக் காலத்தில் எனக்கு விளையாட்டு. அக்கக்காகக் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டு, நடுவில் உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறேன். பின் சக்கர அச்சான ஆக்சில் ஒன்றுதான் எனக்கு ஆகாது. எஞ்சினில் தப்புச் செய்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பின் ஆக்சிலுக்குள் இருக்கிற டிஃபரன்ஷியலில் தப்புச் செய்தால் வண்டி ஓடும். நன்றாகவே ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு நேரத்தில் பல் உடைந்து சிக்கிக்கொள்ளும், பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் கதி அதோகதி.

யுத்த காலம் அது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், தகரம் போட்ட ஒரு ஷெட்டு வைத்துக் கார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தோம். மச்சான் நிதானம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அதைவிட வாய் ஜாஸ்தி. மஞ்சக்குப்பத்து வக்கீல் ஒருவர் தம்முடைய பழைய அமெரிக்க வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, வேண்டாம் என்று மச்சான் கண்ணைக் காட்டினார். நான்தான் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

வண்டி முப்பது மைல் வேகத்தைத் தொட்டதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து நரி ஊளையிடுவது போல ஒரு சத்தம் வரும். டிஃபரன்ஷியல் போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டின் நுனியில் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், கிரவுன் வீல் பின் சக்கரங்களைச் சுற்றும். இரண்டின் பல்லுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளிதான் இருக்கலாம். கிரவுன் வீலை அந்த இடத்தில் அசையாமல் நிறுத்த இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய வளைய நட்டு. அந்த நட்டு தானாகத் திரும்பிக் கழலாமல் இருக்க, அதன் விளிம்பில் வெட்டிய காடி என்கிற பள்ளத்தில் மாட்டிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு லாக் தகடு. அந்தத் தகட்டைத் தெருவில் கண்டால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

யுத்தத்தில் புதுச் சாமான் எதுவும் வருவதில்லை. புதுச்சேரியில் மரத்தில் மோதிக் கிடந்த அதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து கிரவுன் வீலையும் பினியனையும் எடுத்துவந்தோம். துணிக்குப் போடும் நீலத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவி, சுற்றிப் பார்த்து, பல் எங்கே உரசுகிறது என்று பார்த்து, நட்டை ஒரு காடி திருப்பி, மறுபடியும் தடவி, மறுபடியும் சுற்றி, மூன்று வாரம். தூக்கத்தில்கூட 'ஊளை ஊளை' என்று பிதற்றினேனாம். என் மனைவி எழுப்பிக் கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஊளை மறுபடி கேட்டால் நட்டு விலகிவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் வண்டியில் உட்காரவே கூடாது என்றும் சொன்னேன். பயத்தை யாரிடமாவது சொன்னால் பாதி குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, அவளுக்கும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. நட்டு இரண்டும் சரியான இடத்தில் நின்றன. லாக் தகட்டை வைத்து, அதன் போல்ட்டை முறுக்கி, மூடியைப் போட்டு, எண்ணெய் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து மச்சான் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"போதும் மச்சான், கீழ வை. எல்லாத்தையும் சாமிக்கு வச்சிடலாம். இனிமே நாளைக்குக் காலைல மறுபூஜை ஆன அப்புறந்தான் தொடணும்."

"ரெண்டு தகடு, ரெண்டு போல்ட்டு. பத்து நிமிஷ வேலை."

"வருஷத்துல ஒரு நாளு இரும்புக்கு ஓய்வு குடுக்குறோம். அதுல பத்து நிமிஷம் புடுங்கணுமா?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கையில் இருந்த தகடு இரண்டையும், போல்ட்டுகளையும், ஸ்பேனரையும் மொத்தமாக வாரிப் பூஜைத் தாம்பாளத்தில் கொட்டினேன். "இந்தாங்க, இதையும் சேத்துக் கும்புடுங்க" என்றேன். மச்சான் ஒவ்வொரு சாமானுக்கும் பொறுமையாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மேலே கதம்பத்தையும் சாமந்தியையும் குவித்தார். பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் மறுபூஜை ஆயிற்று. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன வக்கீல் ஆறரை மணிக்கே மனைவியோடு ஜட்காவில் வந்து இறங்கிவிட்டார். சிதம்பரம் கோயில் நடை சாத்துவதற்குள் போய்த் தரிசனம் செய்ய வேண்டுமாம், ரேஷன் பெட்ரோல் கூப்பனை அதற்கென்றே சேர்த்து வைத்திருந்தாராம். நானும் மச்சானும் வண்டிக்கு அடியில் படுத்தோம். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். பக்கத்தில் இழுத்து வைத்திருந்த தாம்பாளத்துப் பூவுக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்தேன். போல்ட்டு வந்தது. அது கீழே விழுந்து தொலையாமல் இருக்கட்டும் என்று அதன் துளையிலேயே நாலு சுற்று விட்டு வைத்தேன். அப்போது வக்கீல் என்னைக் கூப்பிட்டார். எழுந்து போனேன். ரேடியேட்டர் தண்ணீரைப் பற்றி என்னவோ கேட்டார், சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் போல்ட்டு இடத்தில் இருந்தது. முறுக்கினேன்.

"ஆச்சா மச்சான்?"

"ஆச்சு, ஆச்சு."

மூடியைப் போட்டோம், எண்ணெயை ஊற்றினோம். ஷெட்டுச் சந்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், கொஞ்சமும் சத்தமில்லை. அதோடு விட்டிருக்கலாம். வக்கீல் சிரித்துக்கொண்டே, "உள்ள என்ன வச்சிருக்கேன்னு எனக்கென்ன தெரியும்? நம்பி ஏறலாமா?" என்று கேட்டார். பெரிய ரிப்பேர் ஒன்று முடிந்தால் முதல் ஓட்டத்தில் எங்கள் ஆள் ஒருத்தர் ஏறிப் போவது எங்கள் ஷெட்டின் பழக்கம். எப்போதும் நான்தான் போவேன். அன்றைக்கு என் வாய்க்கொழுப்பு வேறு மாதிரி பேசிற்று.

"என் பெண்டாட்டி புள்ளையவே ஏத்தி அனுப்புறேன் ஐயா. போதுமா?"

அவளுடைய அம்மா வீடு சிதம்பரம். போக வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வக்கீல் வீட்டம்மாவும், "வரட்டுமே, பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார்கள். பக்கத்துச் சந்தில்தான் வீடு. பத்து நிமிஷத்தில் ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஏறினாள். வக்கீல்தான் ஓட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்று பார்த்தேன்.

பூஜைப் பூவைக் காலில் மிதிபடாமல் கெடிலம் ஆற்றில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒன்பது மணி சுமாருக்குத் தாம்பாளத்தைக் கூடையில் கவிழ்த்தேன். டங் என்று ஒரு சத்தம். சாமந்திக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் காய்ந்து போய், லாக் தகடு கிடந்தது.

அந்தத் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன். மச்சான் வந்து தோளைத் தொட்டபோது கேட்டேன்.

"மச்சான், இதுமாதிரி மூணாவதா ஒண்ணு நம்மகிட்ட இருந்துச்சா?"

இருந்தது என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது. அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டுதான். வலது பக்கம் நான் போட்டேன்."

ஏறிப் போனது அவர் தங்கை. இரண்டு ஸ்பேனரையும் தகட்டையும் ஒரு துணியில் சுருட்டிக்கொண்டு, ஷெட்டைப் பூட்டக்கூட மறந்து பஸ்ஸுக்கு ஓடினோம்.

அன்றைக்குப் பெட்ரோல் பஸ் ஏது? பின்பக்கம் பெரிய கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் புகையில் ஓடுகிற கரி காஸ் பஸ்தான். கடலூர் ஓல்டு டவுன் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றது. நிற்கும்போதெல்லாம் கிளீனர் இறங்கி நீளக் கம்பியால் அடுப்பைக் கிளறுவான், வாசம் பிடிப்பான், பீடி பற்றவைப்பான். அவன் கழுத்தைப் பிடித்து அடுப்புக்குள் போடலாமா என்று வந்தது எனக்கு. மச்சான் என் தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறதா, டயர் தேய்ந்த கறுப்புக் கோடு தெரிகிறதா, எங்கேயாவது கூட்டம் நிற்கிறதா என்று. ஒரு திருப்பத்தில் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். நெருங்கிப் பார்த்தால் படுத்துக்கொண்ட வண்டிமாடு. இன்னொரு இடத்தில் பனைமரத்துக்குப் பக்கத்தில் ஏதோ பளபளத்தது, தகர டின். ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அந்த நட்டு எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும், எத்தனை காடி விலகியிருக்கும் என்று என் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பிள்ளையை அவள் பின் சீட்டில் மடியில் கிடத்திக்கொண்டிருப்பாள். பின் சீட்டுக்கு நேர் கீழேதான் அந்த நட்டு.

"மெதுவாத்தான் ஓட்டுவாரு" என்றார் மச்சான்.

"அந்தாளா? நேர் ரோட்டப் பாத்தா அவருக்குக் கால் நிக்காது."

ஆலப்பாக்கம் கடையில் விசாரித்தோம். அப்படி ஒரு கார் போனது, உள்ளே பொம்பளைகள் இருந்தார்கள் என்றார்கள். உயிர் கொஞ்சம் திரும்பிற்று. மறுபடியும் ரோடு, மறுபடியும் பயம்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகுக் கட்டையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரங்குப் பெட்டி. காரைக் காணோம். என் மனைவிதான் என்று தெரிந்தது, பிள்ளை கையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டான். ஓடிப் போய்ப் பார்த்தேன். பிள்ளை முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தலையைத் தடவினேன், காலைத் தடவினேன், ஒரு கீறல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வண்டி எங்க? கவுந்துடுச்சா?"

"இல்ல மாமா. அவுங்க போயிட்டாங்க. புள்ளைக்கு வாந்தின்னு சொல்லி நான் எறங்கிட்டேன்."

"வாந்தி எடுத்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எடுக்கல. ஆலப்பாக்கம் தாண்டினதும் கீழேர்ந்து அந்த ஊளை கேட்டுச்சு. மொதல்ல லேசா. அப்புறம் நல்லாவே கேட்டுச்சு."

"வக்கீலய்யாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? இவன மாதிரி வேலைக்காரன் ஜில்லாவுலயே கிடையாதுன்னு வழி முழுக்க உங்களப் பத்தியே பேசிக்கிட்டு வராரு. வண்டி சரியில்லன்னு நான் எப்படி வாயத் தொறப்பேன்? நாளைக்கு யாரு உங்க ஷெட்டுக்கு வருவா?" பிறகு மெதுவாக, "அந்தம்மா விடவே மாட்டேன்னாங்க. கூடவே இருக்கேன், அடுத்த பஸ்ஸுல சேந்து போலாம்னாங்க. நான்தான் வேணாம் வேணாம்னு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் மொதல்ல வர்ற பஸ்ஸே இதான்" என்றாள்.

பஸ் கண்டக்டர் விசில் அடித்தான். நான் அசையவில்லை. இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்த அந்த நிமிஷத்தோடு என் பயம் துப்புரவாகப் போய்விட்டது. காலையிலிருந்து என்னை உலுக்கிக்கொண்டிருந்தது, இருந்த இடம் தெரியவில்லை. வக்கீலும் அவர் மனைவியும் அதே வண்டியில் போயிருக்கிறார்கள் என்பது எங்கேயோ யாரோ சொன்ன செய்தி மாதிரி இருந்தது. எனக்குப் பசித்தது. மதகில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரத்தான் தோன்றியது.

"இந்நேரம் போய்ச் சேந்திருப்பாங்க மச்சான்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"ஏறு மச்சான். நான் தங்கச்சியப் பாத்துக்குறேன். நீ ஏறு."

ஏறினேன். பஸ் நகர்ந்ததும் பயம் திரும்பி வந்தது, ஆனால் இப்போது அது வேறு பயம். போலீஸ் வருமா, கோர்ட்டில் நிற்க வேண்டுமா, வக்கீலையே கொன்றவனுக்கு எந்த வக்கீல் வருவான் என்று. பிள்ளைக்காகப் பயந்தபோது வராத வியர்வை, எனக்காகப் பயந்தபோது சட்டையை நனைத்தது. வெள்ளாற்றைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றித் தேடியதில், கீழவீதியில், வக்கீலின் உறவுக்காரர் வீட்டு வாசலில், வண்டி நின்றிருந்தது. நான்கு சக்கரமும் தரையில். முன்னால் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். வக்கீல் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாப்பா. நீ ஜாமீன் குடுத்த ஆளு பாதி வழியில எறங்கிடுச்சே" என்று சிரித்தார்.

தகட்டை நீட்டினேன். இடது பக்கம் இதைப் போடாமல் விட்டுவிட்டேன், என் தப்புதான் என்று சொன்னேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டா? இதுக்கா ஓடி வந்தே? வண்டி ஜம்முனு வந்துச்சே. கடைசில கொஞ்சம் பாட்டுப் பாடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்து வந்தேன். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

தெருவிலேயே வண்டியின் ஜாக்கியை வைத்து, எண்ணெயை ஒரு சட்டியில் வடித்து, மூடியைக் கழற்றினேன். வளைய நட்டு ஐந்து காடி விலகியிருந்தது. பல்லின் நுனி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, எண்ணெயில் இரும்புத் தூள் மினுங்கியது. இன்னும் பத்து மைல் தாங்கியிருக்குமா தெரியாது. சாயங்காலம் சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலத்தைப் பார்க்கப் போகிற உத்தேசம் என்று வீட்டுக்குள் யாரோ பேசிக்கொண்டது கேட்டது. நட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பி, தகட்டை வைத்து, போல்ட்டை முறுக்கினேன். முறுக்கியதை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, மூடியைப் பூட்டி, எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன்.

அப்போது வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பாதம் வந்து நின்றது. மெட்டி போட்ட கால்.

"புள்ளைக்கு எப்படி இருக்குப்பா? வாந்தி நின்னுச்சா?"

வக்கீல் வீட்டம்மா. நான் அடியில் படுத்தபடியே, "நின்னுடுச்சும்மா" என்றேன்.

"நடுவழியில பச்சப்புள்ளையோட அவள விட்டுட்டு வந்துட்டோமேன்னு எனக்கு மனசே ஆறல. கோயில்ல நின்னப்பக்கூட வேற எதுவும் கேக்கத் தோணல. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். அவன் பேருக்குத் திருநீறு வாங்கிட்டு வந்திருக்கேன். கையத் தொடச்சிட்டு வா, குடுக்குறேன்."

வேலை முடிந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தம்மா போகாமல் அங்கேயே நின்றார்கள். நான் வெளியே வரப் பயந்துகொண்டு, பூட்டிய மூடியையே பார்த்தபடி படுத்திருந்தேன்.